செயலர் ஆண்டறிக்கை 2025: டயரிலிருந்து கட்டிய கார்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். லெகோ கட்டைகளால் கார் கட்டும் நம் சங்கத்தில் இப்போது 31 உறுப்பினர்கள் இருக்கிறோம். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் நான்கு பேர் பள்ளி மாணவர்கள். மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் பதினொன்று நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலராகத் தேர்ந்தெடுத்த கையோடு ஒரு வேலையையும் ஒப்படைத்தீர்கள். அதுவரை அவரவர் வீட்டில் அவரவர் காரைக் கட்டி, கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியில்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு காரை, அளவு பிசகாமல், முழுசாகக் கட்டி முடிக்க வேண்டும் என்றீர்கள். அந்தக் கார் இதோ மேசைமேல் இருக்கிறது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எந்தக் கார் என்பதில் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 2022 முதல் 2025 வரை ஓடிய ஃபார்முலா 1 கார் என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எந்த அணியின் நிறமும் வேண்டாம், அந்த விதிகள் சொல்லும் உடலமைப்பைத்தான் காட்ட வேண்டும் என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போனோம். எந்த அளவில் கட்டுவது என்பதற்குத்தான் மூன்று கூட்டங்கள் ஆயின. பலரும் எட்டில் ஒரு பங்கு என்றார்கள். காரணம் புரிகிறது. லெகோவின் இயந்திர வரிசையான டெக்னிக்கில் 2016இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் 2,704 துண்டுகள், 2018இல் வந்த புகாட்டி ஷிரோன் 3,599 துண்டுகள், இரண்டும் அந்த அளவில்தான் வந்தன. அவற்றைக் கட்டி வளர்ந்த கை அந்த அளவையே தேடும். ஆனால் நிஜக் காரின் டயர் விட்டம் 720 மில்லிமீட்டர். எட்டால் வகுத்தால் 90 வரும். எங்கள் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தும் அந்த விட்டத்தில் வழவழப்பான பந்தய டயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அதுவரை எதுவும் பேசாமல் இருந்தவர், 68.8 x 36 (விட்டமும் அகலமும், மில்லிமீட்டரில்) என்று அச்சிட்ட ஒரு டயரை எடுத்து மேசையில் வைத்தார். "மூக்கைக் கட்டலாம், இறக்கையைக் கட்டலாம். டயரைக் கட்ட முடியுமா? கைக்குக் கிடைப்பதுதான் டயர். அதை வைத்துக் காரை அளந்துபாருங்கள்" என்றார்.

சரி என்று அங்கேயே காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 720ஐ 68.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.47. அந்த விதிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருக்கும் தூரம், அதாவது வீல்பேஸ், அதிகபட்சம் 3600 மில்லிமீட்டர். டயர் விட்டத்தைப்போலச் சரியாக ஐந்து மடங்கு. ஆக நம் காரில் அது 68.8ஐப் போல ஐந்து மடங்கு, 344 மில்லிமீட்டர். கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்கள் மையத்துக்கு மையம் 8 மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். 344ஐ எட்டால் வகுத்தால் 43. மிச்சமே இல்லை! காரின் அகலம் 2000 மில்லிமீட்டர். அது 191 ஆகிறது, 24 குமிழுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. அன்றைக்குக் கூட்டம் முடிந்து யாரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. புதிய மாணவர்களில் ஒருவர் அந்தக் கணக்கைத் தானே மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பொருந்தாதவையும் உண்டு, அவற்றையும் பதிவு செய்கிறேன். நிஜக் காரின் பின் டயர் 405 மில்லிமீட்டர் அகலம், முன் டயர் 305. நம் அளவில் அவை 38.7, 29.1 ஆக இருக்க வேண்டும். கையிலிருப்பதோ நான்கும் 36. பின்னால் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஏழு மில்லிமீட்டர் கூடுதல். நேராக நின்று பார்த்தால் முன்சக்கரம் கொஞ்சம் புஷ்டியாகத்தான் தெரியும். டயர் மாட்டும் சக்கர வளையம் நிஜக் காரில் 18 அங்குலம். நம் டயருக்குப் பொருந்தும் வளையம் அதைவிடப் பெரிதாக இருப்பதால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துபோகிறது. கறுப்பு மூடித் தட்டைச் சற்று உள்ளே தள்ளி வைத்து அதை ஓரளவு சமாளித்திருக்கிறோம். மெல்லிய டயரைத் தேடி முன்னால் மட்டும் மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. கிடைத்த மெல்லிய டயர்களின் விட்டம் குறைவாக இருந்ததால் காரின் மூக்கு தரையைப் பார்த்தது. விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அகலம் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும். கார் நிற்கும் நிலை பிசகினால் பொறுக்காது.

அப்புறம் உடல். நிஜக் காரில் நேர்க்கோடு என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான். பக்கவாட்டுப் பெட்டிகள் பின்னால் போகப் போக உள்ளே சுருங்கி, கீழே குழிந்து போகும். இதைக் குமிழ் மேலே பார்க்கும்படி அடுக்கினால் படிக்கட்டுதான் கிடைக்கும். அதனால் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தோம். புதியவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். பிளேட் என்னும் தட்டைத் துண்டு ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீட்டர், மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை, 9.6. ஐந்து பிளேட் அடுக்கினால் 16. இரண்டு குமிழ் அகலமும் அதே 16. எனவே ஐந்து பிளேட் உயரத்துக்கு ஒரு பிராக்கெட் (குமிழைப் பக்கம் திருப்பும் L வடிவத் துண்டு) வைத்துப் பக்கம் திருப்பினால், திரும்பிய பகுதியும் திரும்பாத பகுதியும் இடைவெளியில்லாமல் வந்து உட்காரும். நம் காரின் இரண்டு பக்கமும் இந்த ஐந்துக்கு இரண்டில்தான் நிற்கின்றன.

மூக்கில் வேறு சிக்கல். காரின் அகலம் 24, இரட்டை எண். மூக்கு நுனி மூன்று குமிழாக இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கிறது. அது ஒற்றை எண். நடுக்கோடு நடுக்கோட்டில் விழாது. நடுவில் ஒரே குமிழ் உள்ள ஜம்பர் பிளேட் வைத்து அரைக் குமிழ், அதாவது 4 மில்லிமீட்டர், நகர்த்தி நேர் செய்தோம்.

ஓட்டுநரின் தலைக்கு மேலே வரும் ஹேலோ வளையத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முடியாது. ஃபார்முலா 1இல் 2018 முதல் கட்டாயமான டைட்டானியம் வளையம் அது. முன்னால் ஒற்றைக் கால், பின்னால் இரு பக்கமும் பிடிப்பு. அதைச் செய்யும் பொறுப்பைப் பதினான்கு வயது உறுப்பினர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் வளைந்த கட்டைகளால் செய்தார். கனமாக, சோபாக் கை போல இருந்தது. அப்புறம் வளையும் கறுப்புக் குழாயை எடுத்தார். இரண்டு முனையும் கிளிப்பில் மாட்டியதும் குழாய் விறைத்துக்கொண்டு நடுவில் மேலே எழும்பும். முன்காலின் உச்சியில் இன்னொரு கிளிப்பை வைத்து, எழும்பும் நடுப்பகுதியை அதில் இழுத்து அமர்த்தினார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். கையை எடுத்தார், குழாய் அப்படியே நின்றது. பதினோராவது முயற்சி அது. அதற்குப் பிறகு அந்த இடத்தை யாரும் தொடவில்லை.

இந்தக் குழாயை ஒட்டித்தான் இந்த ஆண்டின் ஒரே காரசாரமான விவாதம் நடந்தது. நீளம் கொஞ்சம் அதிகம், கத்தியால் ஒரு சென்டிமீட்டர் நறுக்கினால் இன்னும் அழகாக வரும் என்றார்கள் சிலர். குழாயை நறுக்குவது பல இடங்களில் பழக்கத்தில் இருப்பதுதான். நீண்ட பேச்சுக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது: சங்கத்தின் பெயரில் கட்டும் காரில் வெட்டுதல், ஒட்டுதல், வண்ணம் பூசுதல் மூன்றும் கிடையாது. ஸ்டிக்கர் இருக்கலாம், ஆனால் இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டைக் கட்டையால்தான் காட்ட வேண்டும். தனிப்பட்ட கார்களில் அவரவர் விருப்பம். மிச்சமான குழாயைக் காரின் உள்ளே மடித்து மறைத்திருக்கிறோம்.

கார் 2,100க்குச் சற்று மேற்பட்ட துண்டுகளில் முடிந்தது. முடிந்த பத்தாம் நாள், காட்சிக்கு எடுத்துப் போகும்போது, அது இரண்டாக உடைந்தது. யாரும் கீழே போடவில்லை. இரண்டு பேர் பக்கத்துக்கொருவராக நடுவில் பிடித்துத் தூக்கினோம், நான்தான் இடப்பக்கம். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் 'கிரிச்' என்று கேட்டது, மூக்கும் முன்சக்கரங்களும் தனியே தொங்கின. பிரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் முன் பாதியையும் பின் பாதியையும் பிணைத்தது மேலும் கீழுமாக இரண்டே இரண்டு பிளேட். வெளித்தோற்றத்தில் அவ்வளவு கவனம் வைத்த நாங்கள் முதுகெலும்பைக் கவனிக்கவில்லை. அன்றிரவு ஏழு பேர் உட்கார்ந்தோம். நடுவில் துளை வரிசை கொண்ட இரண்டு நீளமான டெக்னிக் பீம்களை ஓடவிட்டு, துளைகளில் இணைப்பு முள் கோத்து, பிளேட்டுகளை அதன்மேல் ஏற்றினோம். இப்போது மூக்கைப் பிடித்துத் தூக்கினாலும் கார் வளைவதில்லை. இருந்தாலும் எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன், தயவுசெய்து பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

தனி உறுப்பினர்களின் கார்களில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்று மஸ்தா 787பி. 1991இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 55ஆம் எண் கார். பிஸ்டன் இல்லாத, நான்கு ரோட்டர் இன்ஜினோடு வென்றது. அதன் ஆரஞ்சும் பச்சையும் சாய்வாகச் சந்திக்கும் கோடுகளைக் கட்டையால் காட்டுவது எவ்வளவு கடினம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும். எட்டுக் குமிழ் அகலத்துக்குள், ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லாமல், முக்கோண பிளேட்டுகளை வைத்தே அதைக் கட்டிய உறுப்பினர் செய்திருக்கிறார். இந்த ஆண்டின் மிகச் சிறந்த தனிவேலை அதுதான் என்பது என் கருத்து.

இன்னொன்று டிரெல் பி34, ஆறு சக்கரக் கார். 1976இல் ஸ்வீடன் கிராண்ட் பிரியில் ஜோடி ஷெக்டரும் பாட்ரிக் டிபாயேயும் முதல் இரண்டு இடங்களை அதில் பிடித்தார்கள். முன்னால் இருக்கும் நான்கு குட்டிச் சக்கரங்களும் நிஜக் காரில் சேர்ந்தே திரும்பும். நம் உறுப்பினர் கட்டிய காரிலும் திரும்புகின்றன! இரண்டு அச்சுகளையும் ஒரே தண்டால் இணைத்து, அதையும் மூக்கின் உள்ளே ஒளித்திருக்கிறார்.

பயிற்சி வகுப்புகள் ஐந்து நடந்தன. பற்சக்கர வகுப்புக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள். டெக்னிக் பற்சக்கரத்தில் எத்தனை பல்லோ அத்தனை மில்லிமீட்டர் அதன் கணக்கு விட்டம். 8 பல்லும் 24 பல்லும் கடித்து ஓட இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 16, அதாவது இரண்டு குமிழ் இடைவெளி. இது தெரிந்தபின் மாணவர்கள் தாங்களாகவே கியர்பெட்டி வரையத் தொடங்கிவிட்டார்கள். கட்டைகளைக் கணினியில் அடுக்கி வரைந்து பார்க்க ஸ்டூடியோ என்ற மென்பொருளைக் கற்றுக்கொடுத்தோம். 1995இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் உருவாக்கிய, கட்டைகளைக் கணினியில் வரையும் எல்ட்ரா மென்பொருளின் அளவுமுறையையும் சொல்லித்தந்தோம். அதில் ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர், குமிழுக்குக் குமிழ் 20 அலகு, பிளேட் உயரம் 8 அலகு. திரையில் கனம் கிடையாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நம் கார் உடைந்த இடம் திரையில் அசையாமல் நின்ற இடம்தான்.

மே மாதம் மயாமி கிராண்ட் பிரிக்கு முன்னால் ஓட்டுநர்கள் லெகோ கட்டைகளால் ஆன முழு அளவுக் கார்களில் பவனி வந்ததை உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். பத்து அணிகளுக்குப் பத்துக் கார், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நான்கு லட்சம் கட்டை, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். இருவர் ஏறி உட்கார்ந்தும் அது நகர்ந்தபோது எங்கள் அறையில் எழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

சேமிப்பு அறையில் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்ததை மாற்றி வடிவவாரியாகப் பிரித்துவிட்டோம். கறுப்புக் குவியலில் ஒரு சின்னக் கறுப்புக் கிளிப்பைத் தேடியவர்கள் இதை வரவேற்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்த உறுப்பினர்களுக்கு நன்றி. இடம் தந்து உதவியவர்களுக்கும், கணக்கைத் தாமதமின்றி முடித்துத் தந்த பொருளாளருக்கும், என் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டின் வேலை தானாகவே வந்து நிற்கிறது. 2026 விதிகளில் ஃபார்முலா 1 கார் சிறிதாகிறது: அகலம் 1900, வீல்பேஸ் அதிகபட்சம் 3400, டயர்களும் மெலிகின்றன. இப்போதைய அளவிலேயே போட்டால் வீல்பேஸ் 40.6 குமிழ், அகலம் 22.7 குமிழ். 43, 24 என்று வந்ததுபோல ஒழுங்காக வரவில்லை. மறுபடியும் டயரிலிருந்து தொடங்க வேண்டும். எனவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் டயர்களை, எந்த அளவானாலும், ஒவ்வொரு வகையிலும் ஒன்றாவது எடுத்துவாருங்கள். வெர்னியர் அளவுகோல் இருப்பவர்கள் அதையும் கொண்டுவரவும். சங்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலர்