வழி சொன்னவர்கள் யாரும் கூட வரவில்லை

கொலோன்,
ஜனவரி 11

அன்புள்ள மாப்ளே,

கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, உனக்கு உரிமை உண்டு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சளி, அது மார்ச் வரை போகாது. வேலை அப்படியேதான் இருக்கிறது, மேனேஜர் மட்டும் மாறியிருக்கிறார், பழையவரே தேவலை. உன் முழங்கால் எப்படி? தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டலாம் என்று நினைக்காமல் போய் எக்ஸ்ரே எடு. அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. உன் அப்பாவை அடக்கம் பண்ணின அன்று நடந்ததை வாய்ஸ் மெசேஜில் சொன்னாயே, சபைக்குக் கட்டுகிற சங்கச் சந்தா பாக்கியைக் கட்டி ரசீதைக் காட்டின பிறகுதான் கோயில் மணி அடித்தார்கள் என்று. அதைக் கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தவன்தான். வாழ்நாளெல்லாம் அந்தக் கொயரில் பாடின மனுஷன் மாப்ளே! அப்புறம் நீ அலைந்த கதை வேறு: ஜெபக்கூட்டம், திருவண்ணாமலை, வள்ளலார், அந்தத் தியான முகாம் (அங்கே நீ குறட்டை விட்டதை நம் சிநேகிதன் குட்டை எனக்குத் தனியாகச் சொல்லிவிட்டான்). கடைசியில் ஒன்று கேட்டாய், “நம்பிக்கை வேண்டும் என்றுதான் தேடுகிறேன், ஆனால் இந்த ஆட்களிடம் போய்க் கடவுளைப் பற்றி என்னத்தைக் கேட்பது?” இதற்குக் கும்பிடு போடுகிற ஒரு எமோஜியை அனுப்பிவிட்டுத் தூங்க முடியுமா?

6-ஆம் தேதி இங்கே மூன்று ராஜாக்கள் திருநாள், நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்தார்களே, அவர்கள். பவேரியாக்காரனுக்கு லீவு, எங்களுக்குக் கிடையாது. வேலை முடிந்து நேரே பெரிய கோயிலுக்குப் போனேன், ஏனென்றால் அந்த மூன்று பேருடைய எலும்பும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்பது இவர்கள் நம்பிக்கை. சிரிக்காதே. 1162-இல் பார்பரோசா பேரரசர் மிலான் நகரத்தைப் பிடித்து இடித்துப் போட்டார். அங்கே இருந்த எலும்புகளை எங்கள் ஊர் பேராயர் ரைனால்ட் 1164-இல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், ‘வாங்கி’ என்பது மரியாதைக்குச் சொல்வது. அதற்கப்புறம் யாத்திரைக் கூட்டம் தாங்க முடியாமல் 1248-இல் புதுக் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டு 1880-இல் வேலையை முடித்தார்கள், அதனால் உங்கள் சபைக் கோபுர வேலை இழுக்கிறது என்று இனிமேல் என்னிடம் புலம்பாதே. இவ்வளவும் இருக்க, எலும்பு இங்கே வந்து நூறு வருஷம் கழித்து மார்க்கோ போலோ பாரசீகத்துக்குப் போய், அந்த மூன்று பேரின் கல்லறையை அங்கே பார்த்தேன் என்கிறார், தாடி முடிகூடக் கெடாமல் இருந்ததாம்.

எலும்பு யாருடையதோ, பேழை அழகு. இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், பொன் தகடும் கல்லும் பதித்தது, வெர்தூன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர் தொடங்கி வைத்த வேலை. ஜனவரி 6 அன்று முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள், கம்பி வலைக்குப் பின்னால் கிரீடம் வைத்த மூன்று மண்டையோடுகள் தெரியும். முன்பக்கத்தில் மரியாளையும் பிள்ளையையும் நோக்கி மூன்று பேர் காணிக்கையோடு வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் நாலாவதாக ஒருவர் நிற்கிறார். யார் என்று பார்த்தால் அந்தக் காலத்து ராஜா நான்காம் ஓட்டோ, பொன் கொடுத்த புண்ணியவான். நம் ஊர் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று வெளிச்சத்தையே மறைத்துப் பெயர் எழுதுவார்களே, அதே புத்திதான். பாவம், தலையில் கிரீடம் மட்டும் இல்லை, அந்த அளவுக்கு அடக்கம்.

வரிசையில் நின்றபோது நம் கிறிஸ்மஸ் நாடகம் ஞாபகம் வந்தது, நீ ஏரோது ராஜா, குட்டை மூன்று பேரில் ஒருவரான பல்தசார், “ஒட்டகம் எங்கலே?” அன்று ராத்திரியே மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, தெரிந்த கதையாக வாசிக்காமல் வரிவரியாக வாசித்தேன். நாம் நடித்ததில் பாதி அங்கே கிடையாது. மூன்று பேர் என்று இல்லை, காணிக்கை மூன்று வகை, அவ்வளவுதான். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் ஒரு இடத்தில் இரண்டு பேர், இன்னொரு இடத்தில் நாலு பேர், சிரியாக்காரர்கள் கணக்கில் பன்னிரண்டு. ராஜாக்கள் என்று இல்லை, பெயர் இல்லை, ஒட்டகமும் இல்லை (குட்டையிடம் சொல்லிவிடு). அவர்கள் நட்சத்திரம் பார்க்கிற சாஸ்திரிகள், யூதர்கள் இல்லை. வானத்தைப் பார்த்துப் பலன் சொல்கிறவர்களை ஏசாயா கேலி பண்ணுகிறாரே, கிட்டத்தட்ட அந்த வகை ஆட்கள்தான். அவர்களைக் கூப்பிட நினைத்தவர் அவர்கள் தினமும் பார்க்கிற வானத்திலேயே கூப்பிட்டிருக்கிறார், முதலில் தொழிலை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. நீ திருவண்ணாமலைக்குப் போனதற்காக உன் மச்சான் ஒரு மாசம் பேசாமல் இருந்தானே, அவனுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அப்புறம் வேண்டாம் என்று தோன்றியது.

நட்சத்திரம் என்ன என்று நீ கேட்பாய், பிசிக்ஸ் வாத்தியார். கெப்ளர் 1603-இல் வியாழனும் சனியும் நெருங்கி வந்ததைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். கி.மு. 7-இல் அவை மீன ராசியில் ஒரே வருஷத்தில் மூன்று முறை நெருங்கியிருக்கின்றன, ஏரோது செத்தது கி.மு. 4 என்பதுதான் பெரும்பாலோர் கணக்கு, பொருந்துகிற மாதிரி இருக்கிறது. ஆனால் எந்தக் கிரகமும் ஒரு வீட்டுக்கு மேலே வந்து நிற்காது. இது சாதாரண நட்சத்திரம் செய்கிற வேலை இல்லை என்று சபைப் பிதா கிறிசோஸ்தோம் 4-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். இதோடு விடு.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு இடம். நட்சத்திரத்தை நம்பி அவ்வளவு தூரம் வந்தவர்கள் பெத்லகேமுக்கு வரவில்லை, எருசலேமுக்கு வந்தார்கள். ராஜா பிறந்தால் தலைநகரத்தில்தானே பிறப்பான், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர்கள் படிப்பு அவர்களை அங்கே வரைக்கும்தான் கொண்டுவந்தது, மீதி 9 கிலோமீட்டர் வழி தெரியவில்லை. அந்த 9 கிலோமீட்டருக்கு யாரோ ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டாக வேண்டியிருந்தது. யாரிடம் போய்ச் சேர்கிறது அந்தக் கேள்வி? ஏரோதிடம். அவன் யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறான்? பிரதான ஆசாரியர்களையும் வேதபாரகர்களையும். அவர்கள் தலையைச் சொறியவில்லை மாப்ளே. மீகா தீர்க்கதரிசி சொன்னதை எடுத்துக் காட்டி, யூதேயாவிலுள்ள பெத்லகேம் என்று உடனே சொல்லிவிட்டார்கள். சரியான பதில், ஊர்ப் பெயர் உட்பட. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர் பிறந்துவிட்டார் என்று அந்நிய தேசத்துக்காரன் வாசலில் வந்து நிற்கிறான், நடந்தால் இரண்டு மூன்று மணி நேரம், ஒருத்தனாவது, சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று செருப்பை மாட்டினானா? ஊரே கலங்கியது என்று மத்தேயு எழுதுகிறார், கிளம்பினதாக எழுதவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு உங்கள் சபை மணியும் ரசீதும்தான் ஞாபகம் வந்தது. உன் கோபம் நியாயம். வேதத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் கமிட்டியில் இருக்கிறார்கள். (நானும் நீயும் வேத வினாவிடைப் போட்டியில் ஜெயித்து வாங்கின டிபன் பாக்ஸ்களை இங்கே கணக்கில் சேர்க்க வேண்டாம்.) ஆனால் சாஸ்திரிகள் என்ன செய்தார்கள் பார். நீங்களே போகவில்லையே, உங்கள் புத்தகத்தை எப்படி நம்புவது என்று அவர்கள் சண்டை போடவில்லை. ஏரோதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆசாரியன் சொன்ன முகவரி எனக்கு வேண்டாம் என்று பாபிலோனுக்கோ பாரசீகத்துக்கோ திரும்பிப் போய்விடவில்லை. முகவரியை வாங்கிக்கொண்டார்கள், சொன்ன ஆட்களை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அதற்கப்புறம்தான் நட்சத்திரத்தை மறுபடி பார்த்து ‘மிகுந்த ஆனந்த சந்தோஷமடைந்தார்கள்’.

நீ இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. மணி அடிக்க மறுத்தவர்கள் சுவிசேஷத்தை வாசிக்கிறார்கள், ஆகவே சுவிசேஷம் வேண்டாம் என்கிறாய். அவர்கள் மன்னிப்புக் கேட்டால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பேன் என்று நின்றாயானால் உன் தேடல் முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். சந்தாப் புத்தகத்தோடு அதையும் ஏன் அவர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறாய்?

சரி, இதோடு முடித்தால் நானும் ஒரு பிரசங்கியார் ஆகிவிடுவேன். எனக்கு இந்தக் கதையில் தொண்டையில் நிற்கிற முள் ஒன்று உண்டு. அவர்கள் போய்க் கேட்ட ஆள் சொந்த மனைவி மரியம்னேயையும் பெற்ற பிள்ளைகள் மூன்று பேரையும் கொன்றவன். அவனிடம், அதுவும் அவன் நாட்டில் நின்றுகொண்டு, யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே என்று வெள்ளந்தியாகக் கேட்டார்கள். சாமி கும்பிடத்தான் வந்தார்கள், மனதில் கள்ளம் இல்லை, ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள் வெட்டுப்பட்டார்கள். யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ் எழுதினதில் இந்தக் கொலை இல்லை, நடக்கவே இல்லை என்கிற அறிஞர்களும் உண்டு. மத்தேயு எழுதியிருக்கிறார், இஸ்ரவேலின் தாய் ராகேல் பிள்ளைகளுக்காக அழுவதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். நாடகத்தில் நாம் அந்தக் காட்சியை வைக்கவே இல்லை, நீ ஏரோதாக மீசையை முறுக்கினதோடு திரை விழுந்துவிடும். ஒரு ஆள் கடவுளைத் தேடிப் புறப்பட்டால் அதற்கு மற்றவர்களும் விலை கொடுக்கிறார்களா? நீ ஒரு வருஷம் அலைந்தபோது வீட்டில் ரத்தினம் தனியாக அம்மாவையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தாளே, அதை யோசித்தாயா? இது குத்திக்காட்டுவது இல்லை. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. நான்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்த வீடு. மாட்டுத்தொழுவம் இல்லை, மத்தேயுவில் ‘வீடு’ என்றுதான் இருக்கிறது. அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும்? ஒரு தச்சன் குடும்பம், ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளை பேசவில்லை, அற்புதம் எதுவும் செய்யவில்லை. விழுந்து பணிந்து பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்குப் போய் என்ன ஆனார்கள், சபை வைத்தார்களா, மறுபடி ஜாதகம் கணிக்க உட்கார்ந்தார்களா, மத்தேயு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘வேறு வழியாய்த் திரும்பிப்போனார்கள்’ என்பதை எடுத்துக்கொண்டு வாழ்க்கையே வேறு வழியாயிற்று என்று ஒவ்வொரு சபை ஐயரும் பிரசங்கம் பண்ணுவார், அந்த வசனத்தின்படி அது ஏரோது கையில் சிக்காமல் தப்பிக்கிற வழி, வேறொன்றும் இல்லை. உள்ளே போனால் ஒரு வெளிச்சம், ஒரு நடுக்கம், ஏதாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை என்றாயே. அவர்களுக்கு அந்த வீட்டுக்குள் நடுக்கம் வந்ததாக எழுதவில்லை. சந்தோஷம் வாசலுக்கு வெளியே, வழியிலேயே வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்து நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கணக்கு சார் இன்னும் சமாதானபுரத்தில்தானே இருக்கிறார்? கண் தெரியவில்லையாம், ஆனால் வேதத்துச் சங்கீதப் புத்தகத்தில் எங்கே தொட்டாலும் மிச்சத்தைச் சொல்கிறாராம். அவரிடம் போய்க் கேள். அவர் நம்மைப் பிரம்பால் அடித்தவர், கோபக்காரர், கமிட்டியோடு சண்டை போடாத வருஷம் இல்லை, அதனால் அவர் உனக்கு ஒத்துவருவார். மறந்தும் உன் மச்சானிடம் சொல்லாதே. அவன் ஏரோது இல்லைதான், ஆனால் அடுத்த உபவாசக் கூட்டத்தில் உன்னைச் சாட்சியாக நிறுத்திவிடுவான்.

மே கடைசியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. ரத்தினத்துக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுது, உன் யோசனை வேண்டாம், போன முறை நீ சொன்ன மிக்ஸி பிளக் நம் ஊர் பாயிண்டில் ஏறவே இல்லை. கணக்கு சாரைப் பார்த்தால் பிள்ளைகள் செத்ததைப் பற்றி நான் கேட்டதையும் அவரிடம் கேட்டு வை. அவர் திட்டினாலும் பரவாயில்லை, என்ன சொல்லித் திட்டினார் என்று அப்படியே எழுது.

உன்,
மாப்ளே