திறப்பு விழாவுக்குப் பிறகு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவு லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணத்தில் கிராமங்களுக்கு வந்து சேரும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்மையிலேயே தேவையானவை. ஆனால், சுத்திகரிப்புக் கருவியின் சவ்வைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மின்கட்டணத்தைத் தவறாமல் கட்டியாக வேண்டும். இவற்றை யார் செய்வது என்பது பல இடங்களில் திறப்பு விழா நாளன்றுகூட முடிவாவதில்லை. பூட்டிய அறைக்குள் இயந்திரம் தூசி படிந்து கிடக்க, வெளிச்சுவரில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கிறது. பெண்கள் பழையபடி குடத்தோடு நடக்கிறார்கள். பார்க்கவே மனம் பதைக்கிறது.

இந்தச் சமூகப் பணிச் செலவுக்கான 2021ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி, பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டம் எனப்படுவது தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக 3 ஆண்டுகளுக்கு மேல் நீள முடியாது. அதன்பின் பொறுப்பேற்க வேண்டியவர்கள் ஊர் மக்களும் ஊராட்சியும்தான் என்றால், திட்டத்தைத் தீட்டும்போதே கிராம சபையில் அவர்களைக் கேட்டிருக்க வேண்டாமா? திட்டத்தால் விளைந்த பயனை ஆராயும் தாக்க மதிப்பீடும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கே கட்டாயம். அதுவும், ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயாவது செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும். ஒரு சிற்றூரின் அன்றாட வாழ்வைத் தொடுபவையோ பெரும்பாலும் அதைவிடச் சிறிய திட்டங்களே. கிராம சபையின் ஒப்புதலையும், சில ஆண்டுப் பராமரிப்புக்கான நிதி ஒதுக்கீட்டையும் விதிகளில் கட்டாயமாக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்