எல்லாருக்கும் 20 என்று எழுதியவளின் நன்றி மடல்

அன்புள்ள சிஸ்டருக்கும், மேமுக்கும், சீனியர் அக்காவுக்கும், என் அறைத்தோழிக்கும்,

கடைசித் தேர்வு முடிந்து நேற்றுதான் வயிறார என்பார்களே, அப்படிக் கண்ணாரத் தூங்கினேன். எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் வருடத்தின் நடுவில் நர்சிங்கை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, இரவில் நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம் (கேர் பிளான்), அது முடிந்தால் கேஸ் ஸ்டடி, நடுவில் லாக்புக்குக்குக் கையெழுத்து வாங்க அலைவது. இதெல்லாம் எல்லாருக்கும்தான். ஆனால் எனக்குத் தூங்கி எழுந்தாலும் களைப்பு போகவில்லை. நோயாளிகள் எல்லாரும் படுக்கை எண்ணாக மாறிவிட்டார்கள். "ஏழாம் பெட் பிபி பார்த்தாச்சு" என்பேன். ஏழாம் பெட்டில் இருந்தவரின் முகம் நினைவிருக்காது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடி பார்ப்பேன், பிபி பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன். மூச்சை மட்டும் எண்ண மாட்டேன். அதற்கு ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டுமே! எல்லாருக்கும் 20 என்று எழுதிவிடுவேன். மனசாட்சி உறுத்தும் நாளில் யாராவது ஒருவருக்கு 18.

சிஸ்டர், அன்று சார்ட்டுகளை வரிசையாகப் புரட்டிவிட்டு நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "ஏம்மா, வார்டு மொத்தமும் ஒரே மூக்கை வெச்சா மூச்சு விடுது?"

திட்டுவீர்கள், மேமிடம் சொல்வீர்கள், இன்டர்னல் மார்க் போச்சு என்று நின்றேன். நீங்கள் ஸ்டூலை இழுத்து ஜன்னலோரப் பெரியவர் பக்கத்தில் போட்டீர்கள். "நாடி பிடிக்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கோ. எண்ணுறது தெரிஞ்சா மூச்சு மாறிடும். நெஞ்சை மட்டும் பாரு. முழுசா ஒரு நிமிஷம்" என்றீர்கள். பாடப்புத்தகத்தில் படித்து வைவாவில் ஒப்பித்த அதே வரிதான். செய்து பார்த்தது அன்றுதான்.

28 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். 28. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுகிறது. அவ்வளவு பக்கத்தில் நான் யாரையும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓடி வந்து சொன்னேன். தலைமாட்டை உயர்த்தியது, ஆக்சிஜன் அளவு பார்த்தது, டாக்டரைக் கூப்பிட்டது எல்லாம் நீங்கள். நான்கு நாள் ஐசியுவில் இருந்துவிட்டு அவர் வார்டுக்குத் திரும்பினார்.

காலையில் அவருக்கும் 20 என்றுதான் எழுதியிருந்தேன். அதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, எண்ணாமல் எழுதியது என்று பக்கத்தில் குறித்து, என்னையே கையெழுத்துப் போட வைத்தீர்கள். அப்புறம் ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் எல்லார் முன்னாலும், "இந்தப் பொண்ணுதான் எண்ணிப் பார்த்துச் சொல்லிச்சு" என்றீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தீர்கள் சிஸ்டர். ஒன்றை மட்டும் செய்திருந்தால் நான் இன்று இந்தப் படிப்பில் இருந்திருக்க மாட்டேன்.

மேம், படிப்பை நிறுத்துவதாக எழுதிய கடிதத்தை வாங்கி, படிக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தீர்கள். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்ததற்கு பர்ன்-அவுட் என்று ஒரு பெயர் இருக்கிறது என்று சொன்னது நீங்கள்தான். 1974இல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் அதைப் பற்றி எழுதியது, அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இன்னொரு உளவியலாளர் அதை மூன்றாகப் பிரித்தது: வற்றிப்போவது, மனிதர்களிடமிருந்து விலகிப்போவது, எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது. கேட்கக் கேட்க என் டைரியை யாரோ வாசிப்பதுபோல இருந்தது. இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட் என்பதை வேலையிடத்து அழுத்தத்துக்கு மட்டுமே சொல்ல வேண்டும் என்கிறதாம். காலை ஏழு மணிக்கு யூனிஃபார்மில் வார்டில் நிற்கிற நாங்கள் எந்தக் கணக்கில் வருகிறோம் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, மாணவர்களுக்கென்றே 2002இல் தனி அளவுகோல் வந்துவிட்டது என்றீர்கள்.

பெயரைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு பாடம்தான். மனநல ஆலோசகரின் அறை வாசல்வரை கூடவே வந்தீர்கள். பத்துப் பிரச்சினைக்குக் கேர் பிளான் எழுதாதே, ஒன்றை எடுத்து உருப்படியாக எழுது என்றீர்கள். ஜன்னலோரப் பெரியவரின் மூச்சுத்திணறலை எடுத்தேன். ஒரு வரிகூட யாரிடமும் காப்பியடிக்கவில்லை.

சீனியர் அக்கா, 1000 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று இரவு பதினொரு மணிக்கு மூன்றாவது தடவையாகக் கேட்டேன். "இன்னுமா தெரியலை?" என்று நீங்கள் கேட்கவில்லை. 1000ஐ 20ஆல் பெருக்கு (ஒரு மில்லிக்கு 20 சொட்டு), 480ஆல் வகு (எட்டு மணி நேரத்தின் நிமிடங்கள்), 42 என்று நான்காவது தடவைக்கும் சேர்த்து ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தீர்கள். டிரிப் செட்டில் மில்லிக்கு எத்தனை சொட்டு என்று பார்க்காமல் 20 போடாதே என்று கீழே அடிக்கோடு வேறு. அந்தத் தாள் இன்னும் என் பாக்கெட்டில் இருக்கிறது.

கை நீட்டி, "குத்திப் பழகு, நீ கத்துக்க வேண்டாமா?" என்று சொன்ன நோயாளி அம்மாவுக்கு நன்றி. ஊசி குத்தியதில் ரத்தக்குழாய் தப்பிவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

முதல் வருடத்தில் நோயாளியின் எதிரிலேயே என்னை அவமானப்படுத்திய ஒருவர் உண்டு. அவருக்கும் நன்றி சொல், அதனால்தான் உனக்கு உரம் ஏறியது என்று தோழிகள் சொல்கிறார்கள். மாட்டேன். அன்றைக்கு அப்புறம் ஒன்றரை வருடம் நான் யாரிடமும் சந்தேகமே கேட்கவில்லை. கேட்காதவள் ஊகித்தாள். அந்த ஊகம்தான் 20 என்று சார்ட்டில் வந்து உட்கார்ந்தது.

கடைசியாக, அறைத்தோழியே. நான் அழுத இரவுகளில் நீ ஒரு அறிவுரையும் சொல்லவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஸ்டூல் சம்பவத்துக்கு மறுநாள், என் கடிகாரத்தில் நொடி முள் இல்லை என்று சொன்னதும் உன்னுடையதைக் கழற்றித் தந்தாய், ஒரு வாரத்துக்கு என்று. ஒன்றேகால் வருடம் ஆகிறது. திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன், அதனால் இப்போதைக்குத் தருவதாக இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய 20