விடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

போட்டித் தேர்வுப் பக்கத்தில் வரும் கூற்று, அனுமானம் கேள்விகளுக்கு (ஒரு கூற்று சொல்லாமலே எதை உண்மையென்று எடுத்துக்கொள்கிறது என்று கேட்பவை) விடையோடு காரணத்தையும் ஒரு வரி போடுங்களேன். ‘நூலகத்தை இரவிலும் திறந்தால் இன்னும் பலர் வருவார்கள்’ என்ற கூற்றில், பகல் நேரம் ஒத்துவராமல்தான் சிலர் வராமலிருக்கிறார்கள் என்பது சொல்லாமலே இருக்கிறது. அதை மறுத்துப் பாருங்கள், நேரம் யாருக்குமே தடையில்லை என்றால் கூற்று நிற்காது. ‘எல்லோருக்கும் படிக்கப் பிடிக்கும்’ என்பதை மறுத்தால் ஒன்றும் ஆகாது, அதனால் அது அனுமானமல்ல. சரி, அனுமானமாகத் தரும் வரியில் ‘எல்லா’, ‘மட்டுமே’ வந்தாலே அதைத் தள்ளிவிடு என்று சொல்லித்தருகிறார்களே (எனக்கு இந்தக் குறுக்குவழி பிடிக்காது), ‘அவர் மருத்துவர், ஆகவே பட்டம் பெற்றவர்தான்’ என்பதற்கு எல்லா மருத்துவர்களும் பட்டம் பெற்றவர்கள் என்பதுதானே அடிப்படை?

– ஒரு வாசகர்