தடுப்பூசி அறையைக் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

திருச்சி மாவட்டத்தில் உள்ள நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் பணி இந்த மாதத்தோடு முடிகிறது. மேற்படிப்புக்குப் போகிறேன். ஊரில் சால்வையெல்லாம் போட்டுவிட்டார்கள். அவற்றில் பாதி வேறு சிலருக்குப் போயிருக்க வேண்டும், அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மருந்தாளுநர் அண்ணனுக்கு. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வயிற்றுவலி என்று அடிக்கடி வருவான். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை, எடையும் குறையவில்லை. "டாக்டர், இவன் சீட்டையெல்லாம் பாருங்க. எல்லாமே திங்கட்கிழமை. பள்ளிக்கூட லீவுல ஒரு தடவைகூட வரல" என்று காட்டினார் அண்ணன். பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளைகள் பலருக்கு வலி வயிற்றில்தான் வருகிறது. நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும். மனநலக் குழுவிடம் காட்டலாம் என்றதும் அப்பத்தா எழுந்துவிட்டார்: "எம்பேரன் என்ன பைத்தியமா?"

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில்தான் தொடங்கியது. அதில் திருச்சியும் ஒன்று. அப்படியிருந்தும், பிள்ளையைக் காட்ட வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், 'மனநலப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே ஊர் பார்க்க உட்கார வேண்டும். யார் போவார்கள்?

வழி சொன்னவர் கிராம சுகாதார செவிலியர் அக்கா. தடுப்பூசி புதன்கிழமைதானே, மற்ற நாளில் அந்த அறை சும்மாதானே கிடக்கிறது என்றார். சுவரில் யானைப் படமும் உயரம் பார்க்கும் கோடும் உள்ள அறை. உளவியலாளர் வரும் நாளில் அங்கேயே உட்கார்ந்தார். தனிப் பலகை கிடையாது, அதே ஓ.பி. சீட்டு, அதே வரிசை. பேரனுக்கு முதல் ஊசி போட்ட அறை என்பதால் அப்பத்தாவும் முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

உளவியலாளர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் நாள் முழுக்கப் பையனோடு படம் வரைந்துகொண்டிருந்தார். அப்புறம்தான் விஷயம் வந்தது: திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் பாடம் வாசிக்க வேண்டும், இவனுக்கோ எழுத்துகள் குழம்புகின்றன. பிள்ளைகளின் வளர்ச்சி, கற்றல் சிக்கல்களைப் பரிசோதிக்கும் மாவட்டத் தலைநகர் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பினோம். கற்றல் குறைபாடு என்று உறுதியானது, சிறப்பாசிரியர் பயிற்சி தொடங்கினார். வகுப்பாசிரியை, எந்த உத்தரவுக்கும் காத்திராமல், அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தி வாய்மொழியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் பாதி சிகிச்சை அதுதான். மாத்திரை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பரீட்சை நேரத்தில் மட்டும் இப்போதும் கொஞ்சம் வலிக்கிறதாம்.

தன் ஓ.பி. கூட்டத்துக்கு நடுவிலும் என் போனை எடுத்த மனநல மருத்துவருக்கும் நன்றி. மருந்து எழுதச் சொன்னதைவிட, "வேண்டாம், பொறுத்துப் பாருங்கள்" என்று அவர் சொன்னதே அதிகம்.

அடுத்து வரும் மருத்துவருக்கு: இருமலுக்கு வரும் பிள்ளையிடம் தூக்கம், பள்ளிக்கூடம், கூட்டாளிகள் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் யாராவது பதறி அழைத்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. அந்த அறையை மட்டும் ஸ்டோர் ரூமாக மாற்ற விடாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.