அசைந்தால்தான் சிற்பம்

ஆசிரியருக்கு,

அசையும் சிற்பங்களைப் படைக்கும் இயக்கக் கலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் காலமும் வெளியும் சார்பானவை என்பதை இந்தச் சிற்பங்கள் நிரூபிக்கின்றன என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய வேகத்தில் ஐன்ஸ்டைன் சொன்ன விளைவு, அதாவது வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவது, நமக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு வேகமாகச் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரமே அந்த வேகத்தால் நாளுக்குச் சுமார் 7 மைக்ரோ வினாடிதான் (ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஏழு பங்கு) பிந்துகிறது.

கலையின் வேலை வேறு. ரஷ்யச் சிற்பி நௌம் காபோ 1919-20இல் செய்த 'நிலையலை' சிற்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று, அடியில் ஒரு மோட்டார், அவ்வளவுதான். மோட்டாரை ஓடவிட்டால் கம்பி அதிர்ந்து, இடை சிறுத்த கண்ணாடிக் குடுவை ஒன்று நிற்பது போலத் தெரிகிறது. நிறுத்தினால் வெறும் கம்பி. அந்த உருவம் இடத்தை அடைத்துக்கொள்வதே நேரத்தால்தான்! காலத்தையும் வெளியையும் இதைவிட எளிமையாகச் சேர்த்துக் காட்டிய படைப்பு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காபோவும் அவர் அண்ணன் பெவ்ஸ்னரும் 1920இல் மாஸ்கோவில் வெளியிட்ட அறிக்கையும் இந்த இரண்டையும்தான் கலைக்கு அடிப்படையாக வைத்தது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிட்ட படத்தில் கம்பி சும்மா நிற்கிறது. அடுத்த முறை, அது ஓடும்போது எடுத்த படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

- ஒரு வாசகர்