சித்தம்பூண்டிக் கல்லும் நிலாக் கல்லும்

திருச்செங்கோடு
10.11.2024

அன்புள்ள சண்முகம்,

நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. சரோஜாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இப்போது தூரத்தில் வரும் பஸ்ஸின் ஊர்ப் பெயரை எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள். பெரியவன் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான்.

பேத்தி யாழினியின் பள்ளிப் பேச்சைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள். ஆனால் "நாமக்கல் மண்ணும் நிலா மண்ணும் ஒன்றே" என்ற வரியை மட்டும் மாற்றச் சொல். அது உண்மை இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் நிலாவின் கதையே இருக்கிறது.

நாம் படிக்கும் காலத்தில் களப்பணிக்குப் போன, நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி உனக்கு நினைவிருக்கும். போன மாதம் மறுபடியும் போயிருந்தேன். உடைத்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெள்ளை வெள்ளையாகப் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் மணிகள். நடுநடுவே பச்சை கலந்த கறுப்பில் ஹார்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கனிமம். வெயிலில் திருப்பினால் அதன் பிளவு முகங்கள் மின்னும். சில இடங்களில் குரோமியத் தாதுவான குரோமைட் பட்டைகள். சந்திரயான் லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதிக்க நிலா மண்ணுக்கு ஈடான பொடி தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையோடு சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை இஸ்ரோ தேர்ந்தெடுத்தது. கல் கிரஷரில் அரைபட்டுப் பெங்களூரு போனது. இவ்வளவும் யாழினி எழுதியிருப்பது போலத்தான்.

சித்தம்பூண்டிக் கல், நிலாவின் மேட்டுநிலக் கல் இரண்டும் அனார்த்தோசைட் என்ற பாறை வகையே. இரண்டிலும் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ்தான் பெரும்பங்கு. ஆனால் அந்தக் கால்சியம் நிலாவில் ஓங்கிய காரணம் வேறு, இங்கே ஓங்கிய காரணம் வேறு.

நிலாவில் நடந்ததை முதலில் ஊகித்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் வுட். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியது எரிமலைக் குழம்பு உறைந்த கரிய பசால்ட் சமவெளியில். அங்கிருந்து வந்த மண்ணில் சின்னஞ்சிறு வெள்ளை அனார்த்தோசைட் துணுக்குகளும் கிடந்தன. அவை சமவெளிக்குச் சொந்தமானவை அல்ல, மேட்டுநிலத்திலிருந்து விண்கல் மோதலில் தெறித்து வந்தவை என்று வுட்டின் குழு கண்டுகொண்டது. 1970 ஜனவரியில் ஹூஸ்டன் மாநாட்டில் அவர்கள் சொன்னது இதுதான்: நிலாவின் மேற்பகுதி ஒரு காலத்தில் கற்குழம்புக் கடலாக இருந்தது, கனமான கனிமங்கள் அடியில் படிய, எடை குறைந்த பிளேஜியோகிளேஸ் மிதந்து வந்து மேலோடாக உறைந்தது. சில மில்லிமீட்டர் துணுக்குகளை வைத்து ஒரு முழு உலகத்தின் பிறப்பைச் சொன்னார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அப்பல்லோ 15 வீரர்கள் ஸ்காட்டும் இர்வினும் கைக்கு அடங்கும் வெள்ளைக் கல்லொன்றை எடுத்தார்கள். எடை 269 கிராம், வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஆனால் அப்பல்லோ இறங்கிய இடங்கள் எல்லாம் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகள். தென் துருவப் பக்கத்தில் நேராகத் தொட்டுப் பார்த்தது சந்திரயான் 3இன் ரோவரான நம் பிரக்யான்தான். 2023 ஆகஸ்டில் தெற்கே சுமார் 69 பாகையில் இறங்கி, ஏறத்தாழ 103 மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் கலவையை அறிய எக்ஸ் கதிர் அளவீடு எடுத்தது. முடிவுகள் இந்த ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தன. எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே கலவை, இரும்பு சார்ந்த அனார்த்தோசைட் வகை. கற்குழம்புக் கடல் நிலா முழுவதும் பரவியிருந்தது என்பதற்கு இது வலுவான சான்று. எதிர்பார்த்ததைவிட மெக்னீசியம் மட்டும் கொஞ்சம் கூடுதல். தென் துருவ–எய்ட்கன் படுகை என்ற பெரும்பள்ளத்தை உண்டாக்கிய மோதல் ஆழத்துப் பாறையைக் கிளறி மேலே கொட்டியிருக்கலாம் என்கிறார்கள். யாழினியின் பேச்சில் இது வராதது எனக்குப் பெரிய குறை. கட்டாயம் சேர்க்கச் சொல்.

இனி கால்சியத்துக்கு வருகிறேன். நிலாவில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் குறைவு, சோடியமும் அப்படியே. சோடியம் குறைந்த இடத்தில் பிளேஜியோகிளேஸ் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. சித்தம்பூண்டியில் காரணம் தண்ணீர். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழே அமிழ்ந்த இடத்தில், நீர் கலந்த மாக்மா என்ற கற்குழம்பிலிருந்து அந்தப் பாறை பிறந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாக்மாவில் நீர் இருந்தாலும் கால்சியம் மிகுந்த படிகமே விளையும். அந்த ஹார்ன்பிளெண்டின் படிகக் கட்டமைப்பிலேயே நீரின் கூறு இருக்கிறதே! நிலாவின் அனார்த்தோசைட்டில் ஹார்ன்பிளெண்டைத் தேடினால் கிடைக்காது. ஒன்று வறட்சியின் பிள்ளை, மற்றது நீரின் பிள்ளை.

மண்ணாகும் விதமும் வேறு. நம் ஊரில் காற்றும் மழையும் பாறையைக் கரைத்துக் களிமண்ணாக்குகின்றன. நிலாவில் இருப்பது காற்று என்று சொல்லக்கூட முடியாத அளவுக்கு அருகிய வாயு. கண்ணுக்குத் தெரியாத விண்துகள்களும் தடையின்றி வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகின்றன. மோதிய இடம் உருகிக் கண்ணாடியாகிப் பக்கத்துத் துகள்களை ஒட்டிக்கொள்கிறது. சூரியனிலிருந்து பாயும் மின்துகள்களான சூரியக் காற்றும் சேர்ந்து துகள்களின் மேல் நுண்ணிய இரும்பைப் படியவைக்க, வெள்ளைப் பாறையின் மண் மங்கிப்போகிறது. உருட்டித் தேய்க்க ஆறு இல்லாததால் துகள்களின் முனை மழுங்குவதே இல்லை. அப்பல்லோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட் நம்மைப் போல நிலவியல் படித்தவர். அந்தத் தூசியைச் சுவாசித்து அவருக்கு மூக்கடைப்பே வந்தது. கிரஷர் நமக்குக் கூரிய துகள்களைத் தரும்; அந்தக் கண்ணாடியையும் இரும்பையும் தராது. சக்கரம் புதைகிறதா என்று பார்க்க அது போதும், "ஒன்றே" என்று சொல்லப் போதாது.

காற்று இருந்தால் என்ன ஆகும் என்று யாழினி கேட்டால் டைட்டனைக் காட்டு. சனியின் அந்த நிலாவில் வளிமண்டல அழுத்தம் நம்மைவிட ஒன்றரை மடங்கு, வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். 2005 ஜனவரி 14 அன்று ஹொய்கன்ஸ் விண்கலம் அங்கே இறங்கி அனுப்பிய படத்தில், காவிரிப் படுகையில் கிடப்பது போல உருண்டைக் கற்கள்! அங்கே கல் என்பது உறைந்த நீர், அதை உருட்டியது திரவ மீத்தேன் ஓடும் ஆறு.

சந்திரயான் 4க்கு மத்திய அமைச்சரவை செப்டம்பரில் ஒப்புதல் அளித்துவிட்டது; நிலாவின் மண்ணையும் கல்லையும் அள்ளிக்கொண்டு வரும் திட்டம். அது நடக்கும் நாளில் நம் மாணவர்கள் யாராவது சித்தம்பூண்டிக் கல்லின் மெல்லிய சீவலையும் நிலாக் கல்லின் சீவலையும் அடுத்தடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. யாழினியாகவே இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

அரையாண்டு விடுமுறைக்கு அவளை இங்கே அழைத்து வா. சித்தம்பூண்டிக்குக் கூட்டிப் போகிறேன். சுத்தியல் என்னிடம் இருக்கிறது, உன் பழைய லென்ஸை மட்டும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
முத்துசாமி